மோட்டாருக்கு வந்த போன்

எந்தச் சாமான் ஓடாமல் போனாலும் எனக்கு முதலில் கோபம் வரும், அப்புறம் ஆசை வரும். ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கிற ஆசை. அது தெரிகிற வரைக்கும் சோறு இறங்காது. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிற ஒருத்திக்கு இது நல்ல குணம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தில் யாரும் ஒரு மென்பொருளை முழுக்கத் தாமே எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட ஒரு பேக்கேஜ், படத்தைச் சுருக்க ஒரு பேக்கேஜ் என்று முன்பின் தெரியாத யார் யாரோ எழுதி வைத்ததை எடுத்து அடுக்கி, அதன் தலையில் நம்முடைய நாலு வரியை வைக்கிறோம். அந்தப் பேக்கேஜுக்கு அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. எங்கோ ஒரு ஊரில் ஒருவர் காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு, அடியில் கிடக்கிற ஒன்றில் ஒரு சின்ன மாற்றம் செய்வார். இங்கே என் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். என்னதான் தப்பு என்று கேட்டால், 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று மட்டும் சொல்லும். அந்த வாக்கியத்தை முதன்முதலில் எழுதிய ஆளை நேரில் பார்த்தால் நன்றாக நாலு கேள்வி கேட்டுவிடுவேன்.

இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. "நான் எதையும் தொடலையே" என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ தொட்டிருக்கிறார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. தான் தொட்டதற்கும் இப்போது நடப்பதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில். அலுவலகம் சென்னையில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்ததும் அந்த ஆடி மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். புதிதாகக் கட்டிய மாடி அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். நான் வந்தது தெரிந்ததும் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் குறையைச் சொல்ல ஆரம்பித்தன. டிவி, சீரியலின் நடுவில் அப்டேட் செய்யட்டுமா என்று கேட்கும். அம்மா வேண்டாம் என்று அமுக்குவாள். நாளைக்கும் அதே இடத்தில் கேட்கும். வாஷிங் மெஷின் பாதி அலசலில் நின்று, ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று ஓ.டி.பி. கேட்பார். அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "வரலையேப்பா" என்பார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதே கதை. அந்த மென்பொருளை எழுதியவர்களை நான் வாய் வலிக்கத் திட்டினேன்.

"இந்த வீட்டுல ஒழுங்கா ஓடுறது மோட்டாரு ஒண்ணுதான்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மோட்டார் வயலில் இருக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி. மும்முனை கரண்ட் வருகிற நேரமெல்லாம் வயல் கொட்டகைக்கு நடந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவது அவரால் முடியவில்லை. அதனால், போனிலேயே மோட்டாரை இயக்குகிற ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றை அந்தக் கோடையில் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பியிருந்தேன். ஊர் வயர்மேன் அதை மாட்டிக்கொடுத்தார். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த நம்பருக்கு போன் அடித்தால் ஒரு ரிங் போகும்; பெட்டி அழைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரைப் போடும். மறுபடி அடித்தால் துண்டித்துவிட்டு நிறுத்தும். மோட்டார் இப்போது ஓடுகிறதா, நிற்கிறதா என்று அது நமக்குச் சொல்லாது. மலிவான பெட்டி. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் வேலை முடிந்தது. எங்கள் ஜனங்களுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லித்தரவா வேண்டும்?

ஆவணிக் கடைசியில் அப்பா சம்பா நடவுக்கு நாற்று விட்டார். முளைகட்டிய நெல்லைச் சேற்றில் தெளித்த பிறகு முதல் சில நாள் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. காய்ந்தால் தரை வெடித்துவிடும், தேங்கினால் முளை அழுகிவிடும். அழுகிப்போனால் இன்னொரு தடவை விதை விட்டு வளர்த்து நட நாள் பற்றாது. யாரிடமாவது மிஞ்சிய நாற்று இருந்தால் விலைக்கு வாங்கி நட வேண்டியதுதான். அது என்ன ரகம், எத்தனை நாள் நாற்று என்றெல்லாம் பார்க்க முடியாது.

நாற்றங்காலைப் பார்த்ததும் நான் கேட்டேன். "ஏம்ப்பா, நம்ம வயலுக்கு எதுக்கு இம்புட்டு?"

"வெதை கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் அப்பா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். கூடிப்போனது யாருக்கு என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அப்பாவுக்கு ஒரே தங்கை, என் அத்தை. பேராவூரணி தாண்டிக் கடைமடையில், கடலை ஒட்டிய ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருவதற்குள் நாற்று விடுகிற நாள் கடந்துவிடும். அதனால் வருடா வருடம் எங்கள் நாற்றங்காலில் அத்தை வீட்டுக்கும் சேர்த்து நாற்று விட்டு, பறித்து, வண்டியில் ஏற்றி அனுப்புவது வழக்கம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதில் தவறியதில்லை.

அந்த வருடம் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு இல்லை. காரணம் ஒரு வாட்ஸ்அப் செய்தி. தை மாதம் மாடி எடுத்து முடித்துப் புதுமனை புகுவிழா வைத்தோம். கூடப்பிறந்தவள் வீட்டுக்கு என்றால், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து நேரில் போய் அழைக்க வேண்டும். அப்பாவும் போவதாகத்தான் இருந்தார். அதற்குள், புதிதாக வாங்கிய போனில் ஒரு படத்தை எல்லோருக்கும் ஒரே அமுக்கில் அனுப்புவது எப்படி என்று யாரோ அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா ஆர்வத்தில் பத்திரிகையை அந்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அதில் அத்தை வீட்டு மாமாவும் இருந்தார். "ஊருல போறவன் வர்றவனுக்கு அனுப்புறதைத்தான் நமக்கும் அனுப்புவாரா ஒங்க அண்ணன்?" என்று மாமா கொதித்தார். அப்பாவை போனில் பிளாக்கும் செய்துவிட்டார். விழாவுக்கு இருவரும் வரவில்லை. தங்கை வராத வீட்டில் பால் காய்ச்சியது அப்பாவுக்குப் பெரிய அடி. "ஒரு போன் அடிச்சாளா? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டாளா?" என்று அதன் பிறகு எதற்கெடுத்தாலும் அங்கே வந்து நிற்பார். அவரும் அடிக்கவில்லை. அதை எடுத்துச் சொன்னால், "நான் மூத்தவன்டி" என்பார்.

பேசாமல் இருந்தாலும் நாற்று மட்டும் விட்டிருந்தார். அவள் கேட்டால் கொடுக்கலாம். கேட்காவிட்டால் விதை கூடிப்போனது என்று சொல்லிக்கொள்ளலாம்.

விதை தெளித்த சில நாளிலேயே தகராறு ஆரம்பித்தது. அப்பா காலையில் மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு வருவார். மத்தியானம் போய்ப் பார்த்தால் நாற்றங்கால் குளமாக நிற்கும். மோட்டார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தி, வடித்துவிட்டு வந்தால் மறுநாளும் அதே கதி. வீட்டில் யாரும் மோட்டாருக்கு போன் அடிக்கவில்லை.

"நான் எதையும் தொடலை" என்றார் அப்பா.

எனக்குக் காது நிமிர்ந்தது.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வயல்காரர் விளையாடுகிறார் என்று அப்பா சந்தேகப்பட்டார். அவரோ, "எனக்கு ஒங்க மோட்டாரு நம்பரே தெரியாதுங்களே" என்று சிரித்தார். முனீஸ்வரனுக்கு இந்த வருடம் படையல் போடவில்லை என்றாள் அம்மா. வயர்மேனுக்கு போன் செய்தால், "வோல்டேஜ் பிராப்ளமா இருக்கும்" என்றார். எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் வயர்மேன்கள் சொல்கிற காரணம் அது. கொட்டகை வெயிலில் பெட்டிக்குள் ஏதாவது சூடாகி ஒட்டிக்கொள்கிறதோ என்று நான் நினைத்தேன். பெட்டியை அணைத்துவிட்டுக் கையால் போட்டு நிறுத்தினால் என்ன என்று அம்மா கேட்டாள். அப்பா ஒரு நாள் அப்படியும் செய்து பார்த்தார். மாலையில் முட்டி வீங்கி, படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மீட்டிங் மேல் மீட்டிங். நானும் போக முடியவில்லை.

நாற்றங்காலின் கீழ்ப் பக்கம் அழுக ஆரம்பித்தது. பச்சை பிடிக்க வேண்டிய இடம் பழுப்பாகி வழுக்கியது. அப்பா வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வாங்கி அனுப்புனதுதானே இந்தப் பொட்டி. ஒங்க கம்ப்யூட்டரு ஆளுங்க செய்யிறது எல்லாமே இப்படித்தான் இருக்கும் போல."

"அதை நான் எழுதலப்பா" என்று சுள்ளென்று விழுந்தேன். விழுந்த பிறகு பாவமாக இருந்தது. எங்கோ யாரோ எழுதிய ஒன்றுக்கு நான் பொறுப்பில்லைதான். ஆனால் வாங்கி அனுப்பியவள் நான். அழுகுவது அவருடைய நாற்று.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வயல் கொட்டகைக்கே போய்விட்டேன். போன் வழியாக இன்டர்நெட் இழுத்து, ஒரு உரச் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு வேறு ஒரு தலைவலி. தேதிகளைக் கையாளுகிற ஒரு பேக்கேஜ் தானாக மாறிவிட்டதால், எங்கள் மென்பொருள் எல்லாக் கணக்கையும் ஒரு நாள் பின்னால் காட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பேக்கேஜை நிறுவவே இல்லை. நான் நிறுவிய ஒன்று இன்னொன்றைக் கூப்பிட்டுக்கொண்டு வர, அது இதைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் திரையில், இன்னொரு கண் சுவரில் இருந்த பெட்டியில்.

உச்சி வெயில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பெட்டியின் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அப்பாவின் நாற்று அழுகப்போகிறது என்பதையும் மறந்து நான் கை தட்டிவிட்டேன். சூடாகி ஒட்டிக்கொள்ளவில்லை, வோல்டேஜ் இல்லை, முனீஸ்வரனும் இல்லை. யாரோ போன் செய்கிறார்கள்! ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். லேப்டாப்பை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"அப்பா, மோட்டாரு நம்பர் என்ன?"

அப்பா மனப்பாடமாகச் சொன்னார். அவர் பாதி சொல்லும்போதே மீதியை நான் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் ஹாஸ்டலிலும் 'தந்தையின் தொலைபேசி எண்' என்று கேட்ட இடத்திலெல்லாம் நான் எழுதிக் கொடுத்த எண் அது.

"இது ஒங்க நம்பருப்பா!"

"பழைய நம்பரு" என்று திருத்தினார். "மோட்டாருக்குன்னு கடையில புது சிம்மு வாங்குனேன். அதுல நெட்டு நல்லா வேகமா வருதுன்னான் கடைக்காரன். மோட்டாருக்கு எதுக்கும்மா இன்டர்நெட்டு? அதான் புதுசை நான் போட்டுக்கிட்டு, பழசை மோட்டாருக்குக் குடுத்துட்டேன். நல்லா இருக்கிற சிம்மைச் சும்மா தூக்கிப் போடச் சொல்றியா?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. மோட்டாருக்கு எதற்கு இன்டர்நெட்?

"புது நம்பரை எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?"

"வாட்ஸ்அப்புல போட்டுட்டேனே, எல்லாருக்கும்."

"அம்மா, ஒனக்கு இது தெரியுமா?"

"தெரியும். அதுக்கென்ன இப்ப?"

சென்னையிலிருந்து நான் அம்மா போனுக்குத்தான் பேசுவேன், அப்பா எல்லோருக்கும் அனுப்புகிற செய்திகளைத் திறப்பதே இல்லை; அதனால் வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத செய்தி. அப்போதுதான் இன்னொன்று மண்டையில் உறைத்தது. "அப்ப காஸுக்கு வர்ற ஓ.டி.பி.?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அம்மாதான். இத்தனை நாளாக எங்கள் சிலிண்டருக்கான ஓ.டி.பி. எல்லாம் தவறாமல் வயலில் இருக்கிற மோட்டாருக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது.

பெட்டியின் குறிப்புத் தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். நாம் பதிவு செய்கிற எண்களுக்கு மட்டும் கீழ்ப்படிகிற வசதி அதில் இருந்தது. வயர்மேன் யாருடைய எண்ணையும் பதிவு செய்யவில்லை. ஒரு எண்ணும் பதிவாகாவிட்டால் அந்தப் பெட்டி யார் அடித்தாலும் கேட்குமாம். இதை எழுதிய ஆளை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் சொல்லாவிட்டால் யாரையும் உள்ளே விடாதே என்றல்லவா எழுத வேண்டும்? பூட்டு வாங்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பார்களா?

"சரி, காரணம் தெரிஞ்சிடுச்சுல்ல. நம்ம நம்பரை அதுல போட்டு முடிச்சு வுடு" என்றார் அப்பா.

முடித்துவிட்டிருக்கலாம். கொஞ்ச நேர வேலை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இடித்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் போன் கட் ஆனால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். உடனே மறுபடி அடிப்பார்கள். முதல் போனில் மோட்டார் ஓடும், இரண்டாவதில் நின்றுவிடும். யார் எத்தனை பேர் அடித்தாலும் நாற்றங்காலில் ஒரு குடம் தண்ணீர் கூடச் சேராது. இங்கே தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்து, ஓடியபடியே இருக்கிறது. அப்படியானால் யாரோ ஒருவர் தினமும் ஒரே ஒரு தடவை மட்டும் அடிக்கிறார். கட் ஆனால் விட்டுவிடுகிறார். அப்படி யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

"ஒரே ஒரு நாள் குடுங்கப்பா" என்று கெஞ்சினேன். பெட்டியிலிருந்து சிம்மைக் கழற்றி, அம்மாவின் பழைய பட்டன் போனில் போட்டேன். மோட்டாருக்கு நானே நடந்து போய் வருவதாக ஒப்புக்கொண்டேன். மறுநாள் காலையில் அந்த போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூண்டில் போட்டவள் மாதிரி உட்கார்ந்தேன்.

முதலில் மாட்டியது கடன் வேண்டுமா என்று கேட்கிற ஒரு பெண். அப்பாவின் பெயரைச் சொல்லி, "சார் போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க மேடம்" என்று குறைப்பட்டாள். கட் ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "உடனே திரும்ப அடிப்போம் மேடம், அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்றாள். இவள் இல்லை.

அடுத்து ஒரு மாட்டுத் தரகர். "என்ன மச்சான், அடிச்சா கட்டு, திரும்ப அடிச்சாலும் கட்டு. நான் என்ன பண்ணுனேன் ஒன்னைய?" என்று சத்தம் போட்டார். இவரும் இல்லை.

பிறகு கும்பகோணத்திலிருந்து ஒரு கல்யாணத் தரகர். எனக்குப் பார்த்த ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காக திரும்பத் திரும்ப போன் செய்தாராம். "உங்கப்பா கட் பண்ணிக்கிட்டே இருந்தாருங்க. சரி, பொண்ணு வேணாங்குது போலன்னு அவங்களுக்குச் சொல்லிட்டேன்" என்றார். மனதுக்குள் மோட்டாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "ஆமாங்க, அப்படித்தாங்க" என்று சொல்லி வைத்தேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

முந்தின நாள் மோட்டார் கிளம்பிய அதே நேரத்துக்கு போன் மறுபடி அடித்தது. ஒரு ரிங், இரண்டு ரிங். எடுத்து, "ஹலோ" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் அவசர அவசரமாக ஒரு குரல்.

"அண்ணே! கட் பண்ணிடாதண்ணே. ஒரே ஒரு வார்த்தை, கேட்டுட்டு வெச்சிடுறேன். இந்த வருசம் நாத்து குடுப்பியா, மாட்டியா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வெளியில வாங்குறதுன்னா இப்பவே சொல்லி வெக்கணும்னு அவரு குதிக்கிறாரு. எங்கண்ணன் குடுக்கும், பொறுங்கன்னு நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அத்தை.

"அத்தை, நான்தான் பேசுறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது. "நீயாம்மா... நல்லா இருக்கியா? ஒன்கிட்ட குடுத்துட்டாரா போனை? எங்கிட்ட பேசப் புடிக்கலைன்னா விடும்மா. நான் ஒண்ணும் சொல்லலை."

"அய்யோ, அப்படி இல்லை அத்தை. தினமுமா அடிச்சீங்க?"

"ஆமா. ஒங்க மாமா டீக்கடைக்குப் போற நேரமாப் பாத்து அடிப்பேன். ஒரு ரிங்கு போவும், ஒங்கப்பா கட் பண்ணிடுவாரு."

"கட் ஆச்சுன்னா திரும்ப அடிச்சிருக்கலாம்ல?"

"ஒரு தடவை கட் பண்ணுனா, ஏதோ வேலையா இருக்காருன்னு நெனைச்சுக்கலாம். திரும்ப அடிச்சு அதையும் கட் பண்ணிட்டா? அப்ப வேணுமின்னுதான்னு தெரிஞ்சு போயிடும்ல. அதான், நாளைக்குப் பாத்துக்கலாம்னு வெச்சிடுவேன்."

தேடியது கிடைத்துவிட்டது. வழக்கமாக அந்த நேரத்தில் எனக்கு வருகிற சந்தோஷம் வரவில்லை. கடன் கொடுக்கிற பெண்ணும் மாட்டுத் தரகரும் கூச்சமில்லாமல் மறுபடி மறுபடி அடித்ததில் மோட்டார் ஓடி ஓடி நின்றது. மறுபடி அடிக்கப் பயந்து இவள் ஒருத்தி போனை வைத்ததால்தான் நாற்றங்காலில் தண்ணீர் ஏறியது. அவளுக்கென்று விட்ட நாற்றும் அதில்தான் நின்று அழுகியது.

"அத்தை, வெச்சிடாதீங்க. அப்படியே இருங்க, அப்பாகிட்ட குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு வயலுக்கு ஓடினேன். போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வரப்பில் செருப்பில்லாமல் ஓடியதைப் பார்த்து, அம்மாவும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்தாள்.

அப்பா நாற்றங்காலின் கீழ்ப் பக்கத்தில் குனிந்து, அழுகியதை வழித்து வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அத்தைதான் தினமும் பழைய நம்பருக்கு அடித்தது, மாமா பிளாக் செய்ததால் புது நம்பர் அங்கே போகவில்லை, கட் செய்தது பெட்டி, நீங்கள் கட் செய்வதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்குப் புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கையை வேட்டியில் அழுந்தத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா."

அந்தப் பக்கம் அத்தை என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் அவள்தான் பேசினாள். அப்பா சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கம்மா கட் பண்ணுனேன்? நான் ஏன் கட் பண்ணப் போறேன்?" என்றார் கடைசியில். குரல் கம்மியது. "போனு ரிப்பேரும்மா."

போன் ரிப்பேர் இல்லை. எது எப்படி நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

"நாத்தா? நாத்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஒனக்கும் சேத்துத்தான் விட்டுருக்கு. பறிக்கிற நாள் சொல்றேன், வண்டியைக் கூட்டிக்கிட்டு வா. வெளியில நாத்துக்குச் சொல்லி வெக்க வேணாம்னு மச்சான்கிட்ட சொல்லு."

பேசி முடித்து போனை என்னிடம் கொடுத்தார். அம்மா நாற்றங்காலை ஒரு பார்வை பார்த்தாள். பழுத்துப்போனதைக் கழித்தால் எவ்வளவு தேறும் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியும்.

"ஏங்க, அழுவுனது போவ ஒரு வயலுக்குத்தானே காணும்?"

"அதை அவளுக்குக் குடுத்துடலாம். நமக்கு எங்கயாவது வெலைக்கு வாங்கிக்கலாம்."

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு அழுகியதை வழிக்கக் குனிந்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார். "அவ போன் அடிச்சுத்தான் இது அழுவிப் போச்சுன்னு அவ காதுக்குப் போவக் கூடாது. தெரியுதா?"

அன்று சாயங்காலமே அப்பா பழைய சிம்மைத் தன் போனில் போட்டுக்கொண்டார். புதிய சிம்மை மோட்டாருக்குக் கொடுத்தோம். இப்போது எங்கள் மோட்டாருக்கு நல்ல வேகமான இன்டர்நெட் இருக்கிறது. எங்கள் எண்களை மட்டும் அதில் பதிவு செய்தேன். மேல்பக்கத்து நாற்று தப்பித்து, பச்சை பிடித்து எழுந்து நின்றது.

பறிக்கிற நாளன்று அத்தை விடியற்காலையிலேயே லோடு வண்டியில் வந்து இறங்கினாள். மாமாவும் வந்தார். வண்டியிலிருந்து இறங்கியதும் அப்பாவைப் பார்த்து, "என்ன மச்சான், முட்டி எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அப்பா டீ வாங்கிவரச் சொன்னார். நாற்றுக் கட்டுகள் ஒவ்வொன்றாக வண்டியில் ஏறின. நாற்றங்கால் காலியாகிக்கொண்டே வந்தது. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். நடவுக்காகச் சேடை ஓட்டிச் சேறாக்கித் தண்ணீர் கட்டிக் கிடந்த எங்கள் வயலை அப்போதுதான் கவனித்தாள்.

"ஏண்ணே, ஒங்க வயலு இன்னும் நடாமக் கெடக்கு?"

"ஆளு கெடைக்கலம்மா" என்றார் அப்பா.

நான் குனிந்து அடுத்த நாற்றுக் கட்டை எடுத்து வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.